ஒற்றைக் கோடு

ஹட்டன். மருந்துக்கடைக்கு மேல்மாடி.
மூன்றாம் படி உடைந்திருக்கும், பார்த்து ஏற வேண்டும்.

முதலில் கை கழுவுவேன்.
பிறகு பேனா.
எண்ணெய் அதற்கப்புறம்தான்.

அட்டையில் ஒரு மனித உருவம்,
முன்பக்கம் ஒன்று, முதுகுப்பக்கம் ஒன்று.
முகம் கிடையாது, விரல்களும் அரைகுறை.
வலிக்கிற இடத்தில் புள்ளடி போடச் சொல்வேன்.
லொறி ஓட்டுகிறவர்கள் உடனே போடுவார்கள்.
டீச்சர்மார் சின்னதாக, அழகாக.
யோகமலர் பேனாவை வாங்கி
கொஞ்ச நேரம் அந்த உருவத்தையே பார்த்துவிட்டு
திருப்பித் தந்தாள்:
"நீங்களே போடுங்கக்கா.
நான் எல்லா எடத்துலயும் போட்டுட்டா
செல்லாத ஓட்டாயிரும்."

வயது முப்பத்துமூன்று. க்ளென்மோர் தோட்டம், கீழ்ப்பிரிவு.
சீனி வருத்தம் இல்லை. பிரஷர் பார்த்ததில்லை.
குளிசை ஒன்று, வெள்ளை, பெயர் தெரியாது;
அடுத்தமுறை உறையைக் கொண்டுவரச் சொன்னேன்.
இவ்வளவையும் எழுதினேன்.

கீழே நாலு கட்டம்:
அவர் சொன்னது,
என் கை கண்டது,
நான் செய்தது,
இனிச் செய்ய வேண்டியது.
'பாவம்' என்று எழுத இடமில்லை.
"பதினெட்டு வருசமா கூடை" என்பது
மேற்கோள் குறிக்குள், முதல் கட்டத்தில்.
இடுப்புக்கு மேலே கயிறுபோல் திரண்டிருந்த தசை
இரண்டாவதில்.
பெருவிரல் வரை மரத்துப்போவது,
வலது கால்.

செவ்வாய்க்கிழமை லோகிதன் வந்தார்,
குவைத்துக்கு ஆள் அனுப்புகிறவர்.
மூன்று தடவைக்கும் காசு கட்டியவர் அவர்தான்.
"மெடிக்கலுக்குப் போற பொண்ணு.
ஒரு பிரச்சினையும் இல்லைன்னு கடிதம் ஒண்ணு தாங்க.
அட்டையில இருக்கிறத வெட்டிருங்க."

வெட்டலாம், என்றேன்.
வெட்டுவதற்கு முறை இருக்கிறது:
பிழையின்மேல் ஒற்றைக் கோடு,
கீழே இருக்கும் எழுத்து வாசிக்கத் தெரிய வேண்டும்,
பக்கத்தில் தேதி, என் பெயரின் முதலெழுத்து.
எது பிழை, சொல்லுங்கள்.

அவர் டியூப் லைட்டைப் பார்த்தார்.
அலுமாரிச் சாவி என் சட்டைப்பையில்,
விக்ஸ் டப்பாவோடு கிடந்தது.
அவள் கேட்டால் காட்டுவேன், என்றேன்,
காசு கட்டியவருக்கு இல்லை.
இறங்கும்போது மூன்றாம் படியை நான் ஞாபகப்படுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை அவளே வந்தாள், தனியாக,
தலையில் ஷொப்பிங் பேக்கைக் கவிழ்த்துக்கொண்டு.
"எழுதாமலே விட்டிருக்கலாமேக்கா."

வியாழக்கிழமைகளில் நான் இல்லை, என்றேன்.
நிரோஷினிதான் இருப்பாள்.
கால் மரப்பது தெரியாவிட்டால்
முழங்கையை ஊன்றி அழுத்திவிடுவாள்.
உண்மைதான்.
ஆனால் அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை,
இரண்டு பேருக்கும் தெரியும்.
வேறு ஒன்றும் சொல்லத் தோன்றாமல்
அட்டையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

வரிக்கு அடியில் விரலை வைத்து வாசித்தாள்.
ஸ்டேசனில் ரயில் வந்து, நின்று, போனது.
இன்னும் வாசித்துக்கொண்டிருந்தாள்.
"என் முதுகுக்கா இத்தனை எழுத்து?"
பிறகு விரல் ஓரிடத்தில் நின்றது.
"வலது இல்லக்கா. இடது."

குப்புறப் படுத்திருந்தவளின் தலைமாட்டில் நின்று
என் வலதை அவள் வலதென்று எழுதியிருக்கிறேன்.
மூன்று தடவை.
லோகிதனிடம் அத்தனை நிமிர்ந்து கேட்டேனே,
எது பிழை என்று.

ஒற்றைக் கோடு. தேதி. 'ஜோ'.
மூன்று இடத்திலும்.
உருவத்தின் காலில் நான் போட்ட புள்ளடியையும் வெட்டினேன்.
இந்தமுறை பேனாவை அவள் திருப்பித் தரவில்லை.
அட்டையைத் தொடையில் வைத்து,
நாக்கைக் கடித்துக்கொண்டு,
தானே போட்டாள்.

மார்ச் ஒன்பது, பத்தரை மணி: வரவில்லை.
போன் எடுத்தேன், எண் பாவனையில் இல்லை.
இரண்டையும் எழுதினேன்.
போய்விட்டாள் என்று எழுதவில்லை,
எனக்கு அது தெரியாது.

அட்டை அலுமாரியில் இருக்கிறது.
அவ்வளவு அழுத்திப் போட்டிருக்கிறாள்,
பின்பக்கத்தில் அந்தப் புள்ளடி புடைத்து நிற்கிறது.
விளக்கு இல்லாமலே
விரலால் கண்டுபிடிக்கலாம்.